புள்ளியை அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

காலேஜ் ஃபங்ஷன் முடிஞ்சு ரெண்டு நாளில் போட்டோக்கள் வரும். வானத்திலோ, சீஃப் கெஸ்டின் வெள்ளைச் சட்டையிலோ, பேனரின் வெளிர் ஓரத்திலோ ஒரு சாம்பல் புள்ளி நிற்கும். அடுத்த படத்திலும் அதே மூலையில் அதே புள்ளி. இதைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் மூன்று கோஷ்டியாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கோஷ்டி, "விடு மச்சான், ஏ.ஐ. இரேசர்ல ஒரு தேய் தேய்ச்சா போயிடும்" என்பார்கள். இரண்டாவது கோஷ்டி, "சென்சார் போச்சுடா, சர்வீஸ் சென்டர்ல பெரிய அமௌன்ட் கேப்பான்" என்று தலையில் கை வைப்பார்கள். மூன்றாவது கோஷ்டி ஹாஸ்டல் வராண்டாவில் ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தைக் காட்டி, அதில் மிதக்கும் வெள்ளை உருண்டை யாருடைய ஆவி என்று பேர் உள்பட சொல்வார்கள்.

இந்த மூன்று கோஷ்டிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. "இது ஏன் வந்துச்சு?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டி நாம் படிக்க வந்த படிப்பே அந்தக் கேள்விதான். கேமராவில் விழும் ஒரு புள்ளிக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆஸிலோஸ்கோப் வேண்டாம், லேப் பெர்மிஷன் வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு லென்ஸ் மூடி, பத்து நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் நேராக அழிக்கப் போவது தப்பு என்பது என் கட்சி. எப்படி விசாரிப்பது என்பதையும் ஏன் விசாரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் கேள்வி ரொம்பச் சின்னது. புள்ளி படத்தில் இருக்கிறதா, ஸ்க்ரீனில் இருக்கிறதா? படத்தைப் பெரிதாக்கி விரலால் நகர்த்திப் பாருங்கள். படத்தோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால் அது படத்துக்குள் இருக்கிறது. படம் நகர்ந்தும் புள்ளி அங்கேயே நின்றால் குற்றவாளி லேப்டாப் திரை. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் வரும். வ்யூஃபைண்டரில் தூசி தெரியும், படத்தில் தெரியாது. அது கண்ணாடியிலோ ஃபோகஸிங் ஸ்க்ரீனிலோ உட்கார்ந்த தூசி. கண்ணுக்குத் தொந்தரவு, படத்துக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது கேள்வி: எல்லாப் படத்திலும் ஒரே இடமா? ஒரே இடம் என்றால் காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. படத்துக்குப் படம் இடம் மாறினால் வெளிச்சத்திலோ காற்றிலோ தேட வேண்டும். மூன்றாவது கேள்வி: புள்ளி இருட்டா, பளிச்சா? விளிம்பு மங்கலா, கூர்மையா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே சந்தேகப் பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். அதற்கு அப்புறம் ஃபர்ஸ்ட் இயரில் சொல்லிக்கொடுத்த பழைய விதிதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.

ஒரே இடம், இருட்டு, மங்கலான விளிம்பு. இது பெரும்பாலும் தூசி. அப்பெர்ச்சரை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்துவிடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை லேசாக ஆட்டுங்கள். சுவரில் இருக்கும் அழுக்கெல்லாம் ஆட்டத்தில் கரைந்துபோகும், கேமராவுக்குள் இருக்கும் தூசி மட்டும் ஆடாமல் நிற்கும். அடுத்து அதே சுவரை எஃப் 2.8-இல் எடுங்கள். புள்ளி மாயமாகிவிடும்.

மாயமில்லை, ஜியோமெட்ரி. தூசி உட்கார்வது சென்சார் மேல் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடி மேல். அந்த இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு வரும் வெளிச்சம் கூம்பு வடிவில் வருகிறது. 1 மி.மீ. உயரத்தில் அந்தக் கூம்பின் அகலம், 1-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். எஃப் 2.8-இல் சுமார் 0.36 மி.மீ., எஃப் 16-இல் சுமார் 0.06 மி.மீ. தூசியின் அகலம் 0.05 மி.மீ. என்றால், எஃப் 2.8-இல் அது கூம்பின் பரப்பில் சுமார் 2 சதவீதத்தைத்தான் மறைக்கிறது. கண்ணுக்கே தெரியாது. எஃப் 16-இல் சுமார் 64 சதவீதத்தை மறைக்கிறது. கரும்புள்ளி ரெடி. தூசி அதேதான், கூம்புதான் மெலிந்துவிட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, இன்னைக்கு வெயில்ல எடுத்ததும் கேமரா கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்கள் பலரும் உண்மையில் சொல்வது இதைத்தான். வெயிலில் அப்பெர்ச்சர் சுருங்கியது, ஏற்கெனவே இருந்த தூசி வெளியே வந்தது.

தூசி எங்கே இருக்கிறது என்பதையும் படமே சொல்லும். லென்ஸ் வழியாகப் படம் சென்சாரில் தலைகீழாக விழுகிறது. அதனால் லென்ஸைக் கழற்றி முன்பக்கமிருந்து பார்க்கும்போது, படத்தின் மேல் இடது மூலையில் தெரிந்த தூசி சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் அப்படியே. ஏன் என்று ஒரு பேப்பரில் வரைந்து பாருங்கள், அது ஒரு நல்ல பயிற்சி.

சுத்தம் செய்வதிலும் அவசரம் கூடாது. முதலில் கேமராவின் சென்சார் க்ளீனிங் மெனுவை ஓட்டுங்கள். ஃபில்டரை வேகமாக அதிரவைத்துத் தூசியை உதறும் இந்த வசதி 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில் வந்தது. இன்று பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதற்கும் போகாவிட்டால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் காற்றடிக்கலாம். பேட்டரி முழுசாக இருக்கட்டும். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடி கீழே இறங்கிவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். கைக்குட்டை கூடவே கூடாது. கேனில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம், அதிலிருந்து திரவம் தெறித்துக் கறையாகும். ஒட்டிப்போன கறைக்கு ஈர ஸ்வாப் வேண்டும். அதைப் பழகியவர் கையில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒரே இடம், பளிச்சென்ற சிவப்பு அல்லது பச்சை அல்லது நீலம், ஊசி முனை மாதிரி கூர்மை, அதுவும் ராத்திரிப் படங்களில். இது ஹாட் பிக்சல். லென்ஸை மூடி 30 விநாடி எக்ஸ்போஷர் எடுத்துப் பாருங்கள். முழு இருட்டில் நட்சத்திரம் முளைத்திருந்தால், கசியும் பிக்சல்கள் அவை. வெளிச்சமே இல்லாமல் வெப்பத்தால் உருவாகும் இந்தக் கசிவுக்கு டார்க் கரண்ட் என்று பெயர். வெப்பநிலை சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். மே மாதச் சென்னையில் கூடுதலாகவும் டிசம்பர் ஊட்டியில் குறைவாகவும் தெரிவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரே ஒரு நிற ஃபில்டர்தான் இருக்கிறது என்பதால் புள்ளியும் நிறத்தோடு வருகிறது.

இதற்கு மருந்து கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால், 30 விநாடிப் படம் எடுத்ததும் கேமரா ஷட்டரை மூடி இன்னொரு 30 விநாடி இருட்டைப் படம் எடுக்கும். பிறகு முதல் படத்திலிருந்து அதைக் கழித்துவிடும். அந்த இரண்டாவது 30 விநாடியில் "கேமரா ஹேங் ஆயிடுச்சு" என்று பேட்டரியைப் பிடுங்காமல் இருந்தால் போதும். சில கேமராக்களில் பிக்சல் மேப்பிங் என்ற மெனுவும் உண்டு. கெட்ட பிக்சலை அடையாளம் கண்டு, பக்கத்து பிக்சல்களின் மதிப்பை வைத்து நிரப்பிக்கொள்ளும். சர்வீஸ் சென்டர் வரை போக வேண்டியதே இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீறலோ புள்ளியோ வந்து அடுத்த படத்தில் காணாமல் போனால், விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிரின் விளைவாகக்கூட இருக்கலாம். வானியல் படங்களில் அது அன்றாட விருந்தாளி.

இப்போது இடம் மாறும் புள்ளிகள். நம்ம ஹாஸ்டல் ஆவி இதில்தான் வருகிறது. போனிலும் சின்ன கேமராவிலும் ஃப்ளாஷ் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் தூசி, பூச்சி, மழைத்துளி எதுவானாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்பி நேராக லென்ஸுக்குள் வரும். அவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகாது, அதனால் துகள் விரிந்து வட்டமான வெள்ளை உருண்டையாகத் தெரியும். ஃப்ளாஷை அணைத்து ட்ரைபாடில் எடுத்துப் பாருங்கள், ஆவி வராது. பழைய பெட்ஷீட் ஒன்றை உதறிவிட்டு ஃப்ளாஷ் போட்டு எடுங்கள், ஒரு குடும்பமே வரும்.

கோயில் திருவிழாவில் சீரியல் செட்டையோ ஹாலஜன் விளக்கையோ போனில் எடுத்தால் பச்சைப் புள்ளிகள் மிதக்கும். லென்ஸ் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பிரகாசமான விளக்கின் ஒளி சென்சார் பக்கத்துக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே எதிரொலித்து உண்டாகும் பிம்பம் அது. விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் பச்சைப் புள்ளி நிற்கும். போனை வலப்பக்கம் திருப்பினால் விளக்கு ஒரு பக்கமும் புள்ளி எதிர்ப்பக்கமும் நகரும். காரணம் தெரிந்துவிட்டால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றித் தவிர்த்துவிடலாம்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். கண்காட்சியில், ஓட்டுநரில்லாக் காருக்கான லைடார் கருவியை ஒருவர் தன் சோனி கேமராவில் படமெடுத்தார். அதற்கு அப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் ஊதாப் புள்ளிகளும், அவற்றின் வழியே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளும். லேசர் சென்சாரைச் சுட்டுவிட்டது. அந்த லைடாரின் லேசர் மனிதக் கண்ணுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்பட்டதுதான். அந்த அலைநீளத்தைக் கண்ணின் முன்பகுதியே உறிஞ்சிக்கொள்ளும், விழித்திரைக்குப் போகாது. கேமரா லென்ஸில் அப்படி ஒரு தடுப்பு இல்லை. நம்ம கல்ச்சுரல்ஸ் டி.ஜே. நைட்டில் லேசர் கூட்டத்தின் மேல் சுழலும்போது மீடியா க்ளப் பசங்க நேராகக் கேமராவைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். மிரர்லெஸ் கேமராவில் சென்சார் எப்போதும் திறந்தே இருக்கும். இந்தப் புள்ளியை ப்ளோயரால் போக்க முடியாது. லேசர் நம் பக்கம் வரும்போது லென்ஸைக் கையால் மறைப்பது கோழைத்தனம் கிடையாது.

"சரிப்பா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாச்சு. கடைசியில அழிக்கத்தானே போறோம்? நேரா அழிச்சா என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை நெற்றிக்குப் பக்கத்தில் சென்சார் தூசியை விட்டுவைக்க யாரும் சொல்லவில்லை. கையில் கொடுக்கும் படத்தில் அழித்துக்கொள்ளுங்கள். விசாரித்துவிட்டு அழியுங்கள், ஒரிஜினல் ரா ஃபைலைத் தொடாமல் வையுங்கள் என்பதுதான் என் வாதம். அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

நிக்கான் நிறுவனம் 2012 செப்டம்பரில் டி600 கேமராவை வெளியிட்டது. வாங்கியவர்களின் படங்களில் மேல் இடது பக்கமாகப் புள்ளிகள் குவிய ஆரம்பித்தன. தூசி எல்லாக் கேமராவிலும் வரும், துடைத்துக்கொள் என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சிலர் விடவில்லை. லென்ஸ்ரென்டல்ஸ் என்ற அமெரிக்க வாடகை நிறுவனம் தன்னிடமிருந்த டி600 கேமராக்களை எல்லாம் சேர்த்துப் பார்த்து, புள்ளிகள் ஒரே பகுதியில் கூடுவதை அந்த வருஷமே வெளியில் எழுதியது. இன்னொரு பயனர் ஆயிரம் படங்களை வரிசையாக எடுத்து, புள்ளிகள் எப்படிச் சேர்ந்துகொண்டே போகின்றன என்பதை வீடியோவாகவே காட்டினார். வெளியிலிருந்து தற்செயலாக விழும் தூசி, கேமரா மாறினாலும் அதே மூலையைத் தேர்ந்தெடுக்காது. சந்தேகம் ஷட்டர் பக்கம் திரும்பியது. 2013 அக்டோபரில் புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014-இல், வாரண்டி முடிந்திருந்தாலும் டி600-ஐ இலவசமாகச் சரிசெய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் உட்கார்ந்து தன் படத்தின் புள்ளியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஃபிலிம் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1945-இல் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்-ரே ஃபிலிம்களில் கறுப்புப் புள்ளிகள் வருவதாகப் புகார் வந்தது. அந்நிறுவனத்தின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் அதைத் துருவினார். ஃபிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டையில் கதிரியக்கம் இருந்தது. அட்டை தயாரானது இண்டியானா மாநிலத்து ஆலை ஒன்றில். அதில் இருந்தது அணுப்பிளவில் உண்டாகும் சீரியம்-141. அந்த வருஷம் ஜூலை 16-இல் நியூ மெக்ஸிகோவில் ரகசியமாக வெடித்துப் பார்த்த முதல் அணுகுண்டின் தூசி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, ஆற்றுத் தண்ணீரில் கலந்து, அட்டைக்குள் புகுந்து, ஃபிலிமில் புள்ளி வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் பெரிய ரகசியத்தை ஒரு புள்ளி சொல்லிவிட்டது, கேட்க ஆள் இருந்ததால்.

நமக்கு அணுகுண்டு வேண்டாம், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் போதும். இமேஜ் ப்ராசஸிங் ப்ராஜெக்ட் செய்யாத டிபார்ட்மென்ட் இன்று இல்லை. விரிசல் விட்ட கான்க்ரீட்டைத் தூசி படிந்த க்ளப் கேமராவில் ஒரு நாள் எடுக்கிறோம், விரிசல் இல்லாததை வேறொரு நாள் போனில் எடுக்கிறோம் என்று வையுங்கள். மாடல் விரிசலைக் கற்காமல், மேல் மூலையில் இருக்கும் தூசியைக் கற்றுக்கொள்ள முடியும். டெஸ்ட் படங்களும் அதே கேமராவில் எடுத்தவை என்பதால் அக்யூரசி பிரமாதமாக வரும், ரெவ்யூவில் கைதட்டலும் கிடைக்கும். பாலத்தடியில் கொண்டுபோய் வைத்தால் கையை விரிக்கும். ஏ.ஐ. இரேசரில் தேய்த்த படங்களை டேட்டாசெட்டில் போட்டால் இன்னும் மோசம். அங்கே கான்க்ரீட் இருந்ததா, ஏ.ஐ. கற்பனை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தடயவியலில் நிலைமை தலைகீழ். சென்சாரின் நுண்ணிய குறைகளும் தூசியின் இடமும் எந்தக் கேமராவில் எடுத்த படம் என்று கண்டுபிடிக்கும் கைரேகையாகவே பயன்படுகின்றன. நாம் குப்பை என்று தேய்ப்பது அங்கே சாட்சி.

வானியல்காரர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ளலாம். அவர்களின் கேமராவிலும் தூசி விழும், ஹாட் பிக்சல் வரும். அவர்கள் தேய்ப்பதில்லை, அளக்கிறார்கள். டெலஸ்கோப்பை மூடி இருட்டைப் படமெடுத்துக் கழிக்கிறார்கள். அந்தி வானத்தைச் சீராகப் படமெடுத்து, தூசி எங்கே எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது என்று கணக்குப் போட்டு வகுக்கிறார்கள். குறையை ஒளிக்காமல் அதன் அளவைத் தெரிந்துகொண்டு திருத்துகிறார்கள். லேபில் கோட்டில் உட்காராத ஒரு ரீடிங்கை விட்டுவிட்டு கிராஃப் வரைபவர்களை எல்லா பேட்ச்சிலும் பார்க்கலாம். இரேசரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. உட்காராத ரீடிங் சும்மா வராது. லூஸ் கனெக்‌ஷனோ, மீட்டரின் ஸீரோ எரரோ, நமக்குப் புரியாத பௌதிகமோ அதற்குப் பின்னால் இருக்கிறது.

அதனால் மீடியா க்ளப்புக்கு ஒரு வேண்டுகோள். கேமரா பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். மாசம் ஒரு தடவை இரண்டு படம்: எஃப் 16-இல் வெள்ளைச் சுவர், மூடி போட்டு 30 விநாடி இருட்டு. தேதி, லென்ஸ், புள்ளி இருக்கும் மூலை, என்ன செய்தோம், போனதா இல்லையா என்று ஒரு வரி. அடுத்த வருஷம் கேமராவை வாங்கும் ஜூனியர், புதுப் புள்ளி எது, சீனியர் காலத்துப் புள்ளி எது என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வான். சர்வீஸுக்குக் கொடுக்கவே வேண்டியிருந்தாலும், "ஏதோ ஸ்பாட் வருதுண்ணா" என்று நிற்காமல், "எல்லா லென்ஸிலும் வருது, எஃப் 8-க்கு மேல தெரியுது, ஊதியும் போகல" என்று சொல்லலாம். அப்படிச் சொல்பவரிடம் மாற்றத் தேவையில்லாத பார்ட்டை மாற்றச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

சிம்போசியத்துக்குக் கேமராவைத் தூக்கும் முன்னாடி முதல் படமாக ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். எங்க ப்ளாக் வராண்டா சுவரே போதும், சமீபத்தில்தான் பெயின்ட் அடித்தார்கள்.